ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தட்டினால்...

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும். வேக வேகமாக ஷிஃப்ட் கீயைத் தட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சத்தம் வரும். 'ஸ்டிக்கி கீஸை ஆன் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கும். நல்ல கட்டத்தில் ஆட்டம் போச்சே என்ற எரிச்சலில் 'நோ'வை அமுக்கிவிட்டு மறுபடி விளையாட ஓடிவிடுவார்கள். இதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு.

அந்தப் பெட்டியின் கதை 1971-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரம் மேடிசன். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த கிரெக் வேண்டர்ஹைடன் என்ற மாணவருக்கு ஒரு பள்ளிச் சிறுவனைப் பற்றித் தெரியவந்தது. செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள பையன். பேச்சு வராது, பேனா பிடிக்கவும் முடியாது. முன்னால் ஒரு பலகை, அதில் எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தாகக் கையால் காட்டித்தான் அவன் எதையும் சொல்ல வேண்டும்.

மூளை முடக்குவாதம் என்றதும் மூளையே வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளையில் உண்டாகும் பாதிப்பு, உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் திறனைக் கெடுக்கிறது. கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் இழுக்கும். நாக்கும் உதடும்கூடத் தசைதானே, அவையும் சொன்னபடி கேட்காது. அறிவுத்திறன் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு, கொஞ்சமும் பாதிக்கப்படாதவர்களும் உண்டு. வெளியே இருந்து பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும், தெரியும் என்பதைக் காட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பலகையிலும் ஒரு சிக்கல் இருந்தது. பையன் ஓர் எழுத்தை நோக்கிக் கையை நீட்டுவான். கை அதைத் தாண்டி வேறெங்கோ போய் இடித்து, திரும்பி, மறுபடி தாண்டும். வழியில் நாலைந்து எழுத்துகளின் மேல் பட்டுவிடும். எதைச் சொல்ல வந்தான் என்று பக்கத்தில் இருப்பவர்தான் ஊகிக்க வேண்டும், ஊகம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தால் மட்டுமே அவனால் எழுத முடியும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது எந்த ஆசிரியரால் அது முடியும்?

இதைவிட மோசமான ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து எழுதியெடுத்த விடை யாருடைய விடை? பிள்ளையுடையதா, ஆளுடையதா? சந்தேகப்பட யாருக்கும் உரிமை உண்டு. சரியான பதிலைச் சொன்ன பிறகும் அது தன்னுடையது என்று நிரூபிக்க முடியாத நிலை அது. நம் ஊர்ப் பொதுத்தேர்வுகளிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், சொல்வதை எழுதத்தான் ஆள் கொடுக்கலாம். சொல்லவே வராத பிள்ளைக்கு?

மேடிசன் மாணவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பையனின் கையை எப்படி நேராக்குவது என்று யோசித்திருந்தால் இன்றுவரை யோசித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அவர்கள் கையை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தார்கள். தடுமாறுகிற கை வழியில் இருக்கும் எழுத்துகளைச் சட்டென்று கடந்துவிடும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிற்கும். ஆகவே, கை எதைத் தொட்டது என்பதைக் கணக்கில் எடுக்காமல், எதன் மேல் நின்றது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால்?

பலகைக்கு அடியில் காந்தத்தை உணரும் சிறு ஸ்விட்ச்சுகளைப் பதித்தார்கள். பையனின் கையில் ஒரு காந்தம். பலகையின் மேல் அதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். குறிப்பிட்ட நேரம் ஓர் இடத்தில் நின்றால் மட்டும் அந்த எழுத்து பதிவாகும், இடையில் பட்டதெல்லாம் தள்ளுபடி. இந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆட்டோ-காம்'. விரித்துச் சொன்னால், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் தொடர்புப் பலகை. பக்கத்தில் ஆள் உட்கார வேண்டாம் என்பதுதான் பெயரின் அர்த்தம். பையன் தனியாக எழுதலாம், தனியாகத் தப்பு செய்யலாம், தனியாகத் திருத்தலாம். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுப்பாடத்தில் செய்வது அதைத்தானே!

கல்லூரி புராஜெக்டுகள் வழக்கமாக மார்க் வாங்கியதும் அலமாரிக்குப் போய்விடும். இது போகவில்லை. மாணவர் குழு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமாக வளர்ந்தது, 'டிரேஸ் சென்டர்' என்று பெயர் பெற்றது. வேண்டர்ஹைடன் அங்கேயே மேற்படிப்பு முடித்துப் பல்லாண்டு அதை நடத்தினார்.

கதவு போதும்

1970களின் கடைசியில் பள்ளிகளுக்குள் சின்னக் கம்ப்யூட்டர்கள் நுழைந்தபோது இந்த மையத்துக்கு ஒரு பெரிய கேள்வி வந்தது. கணக்கு, எழுத்துக்கூட்டல், வரைபடம் என்று பிள்ளைகளுக்கான மென்பொருள்கள் குவிந்தன. அத்தனையும் இரண்டு கையும் நன்றாக இயங்கும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. உடல் அசைவு சிரமமான பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு கணக்கு மென்பொருள், தனியாக ஒரு வரைபட மென்பொருள் எழுதுவதா? எத்தனை எழுத முடியும்? எழுதி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும்.

அவர்கள் எடுத்த முடிவு வேறு. ஒவ்வொரு வீடாகப் புதிதாகக் கட்டாமல், எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற கதவு ஒன்றைச் செய்தார்கள். பிள்ளை தன் பலகையிலோ ஸ்விட்ச்சிலோ எழுதுவதைக் கம்ப்யூட்டர் தன் கீபோர்டில் தட்டியதாகவே எடுத்துக்கொள்ளும்படி ஓர் இணைப்பு. பாட மென்பொருளுக்கு எதிரில் இருப்பது யார் என்றே தெரியாது, தெரியவும் வேண்டாம். பக்கத்து பெஞ்சுப் பையன் எதில் படிக்கிறானோ அதிலேயே இந்தப் பிள்ளையும் படிக்கலாம்.

அடுத்து வந்தன கீபோர்டு தந்திரங்கள். ஒற்றை விரலால் தட்டுபவர், நெற்றியில் கட்டிய குச்சியால் தட்டுபவர் எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு கீயை எப்படி அழுத்துவார்கள்? ஷிஃப்டும் ஏ-யும் சேர்த்து அமுக்கினால்தானே பெரிய எழுத்து வரும். 'ஸ்டிக்கி கீஸ்' இருந்தால் ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்த தட்டு வரும்வரை அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். 'ஸ்லோ கீஸ்' என்பது கொஞ்ச நேரம் அழுத்தினால் மட்டுமே எழுத்தை ஏற்றுக்கொள்ளும், தவறிப் பட்டதை விட்டுவிடும். மேடிசன் பலகையின் அதே காந்த யோசனைதான், வேறு சட்டையில். 'பவுன்ஸ் கீஸ்' நடுங்கும் விரல் ஒரே எழுத்தை நாலு முறை தட்டினாலும் ஒரு முறையாக எடுத்துக்கொள்ளும். 'மவுஸ் கீஸ்' எண் கீகளை வைத்தே மவுஸை நகர்த்த விடும்.

1980களின் பிற்பகுதியில் இந்த யோசனைகள் ஆப்பிளின் மெக்கின்டாஷில் இடம்பிடித்தன. பிறகு ஐ.பி.எம், மைக்ரோசாஃப்ட் என்று போய், விண்டோஸ் 95-ல் உள்ளேயே கட்டப்பட்டு வந்தன. அன்றிலிருந்து எந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கினாலும் இவை கூடவே வரும், தனியாகக் காசு இல்லை. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் அந்தப் பெட்டி வருவதற்கும் காரணம் உண்டு. மவுஸைப் பிடித்து மெனு மெனுவாகத் தேடிப் போக முடியாதவருக்கு, இருந்த இடத்திலிருந்தே வசதியை எழுப்ப ஒரு வழி வேண்டாமா?

மூக்கு நுனியில் மவுஸ்

பாஸ்டன் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து நடந்து போய்விடலாம். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1990களில் கண்ணைச் சுற்றி எலெக்ட்ரோடுகள் ஒட்டிக் கண்ணசைவால் மவுஸை நகர்த்தும் 'ஈகிள் ஐஸ்' என்ற அமைப்பைச் செய்தார்கள். வேலை செய்தது. ஆனால் முகத்தில் ஒயர் ஒட்டிக்கொள்ள எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்?

மார்கிரிட் பெட்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து அடுத்துச் செய்தது 'கேமரா மவுஸ்'. 2002-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. ஒயர் இல்லை, ஒரு கேமரா போதும். திரையில் தெரியும் முகத்தில் மூக்கு நுனியை ஒருவர் கிளிக் செய்து காட்டினால், அதைச் சுற்றி உள்ள சிறு சதுரத்தைக் கம்ப்யூட்டர் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் அதே மாதிரி சதுரம் எங்கே என்று தேடும். மூக்கு இடது பக்கம் போனால் அம்புக்குறியும் இடது பக்கம் போகும். ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கிளிக். இங்கேயும் நிற்பதுதான் கணக்கு! 2007-ல் இருந்து இதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்தால் மட்டுமே தெரியும் விஷயங்கள் இந்தத் துறையில் ஏராளம். சரியான விடைக்கு மேளதாளத்தோடு கைதட்டல் ஒலிக்கும் கல்வி ஆப்களைப் பார்த்திருப்பீர்கள். செரிப்ரல் பால்சி உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே தூக்கிப்போடும். கை ஸ்விட்ச்சில் மோதும், அடுத்த கேள்விக்குத் தப்பான விடை பதிவாகிவிடும். பாராட்டே தண்டனை ஆகிவிடுகிறது. அதேபோல், 'சீக்கிரம், பத்து விநாடிதான்' என்று ஓடும் கடிகாரம். முயற்சி கூடக் கூட இந்தப் பிள்ளைகளின் தசை இறுகும், இறுகினால் கை இன்னும் தாமதமாகும். டேப்லெட்டில் ஒரு பட்டனைத் தொட, உள்ளங்கை முழுவதையும் திரையில் ஊன்றிக்கொள்ளும் பிள்ளை உண்டு. ஆப்புக்கு அது ஐந்து தொடுதல். லேபில் உட்கார்ந்து கோடு எழுதும் மாணவருக்கு இதில் எதுவும் தோன்றாது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் கைதான் சொன்னபடி கேட்கிறதே!

247 எழுத்துக் கணக்கு

சென்னையில் வித்யா சாகர் அமைப்பைத் தெரியாத சிறப்பு ஆசிரியர் இருக்க மாட்டார். 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கியது. ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், அங்குள்ள பிள்ளைகளின் தேவையைப் பார்த்துச் செய்த கருவிதான் 'ஆவாஸ்'. படங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுத்தால் அது குரலாகப் பேசும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சங்களில் விலை சொன்ன காலத்தில், இங்கேயே அதைவிட மிகக் குறைந்த விலைக்கு வந்தது. 2011-ல் எம்.ஐ.டி-யின் தொழில்நுட்ப இதழ் வெளியிடும், 35 வயதுக்கு உட்பட்ட புதுமையாளர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆவாஸ் பிறகு டேப்லெட் ஆப்பாகவும் மாறியது.

கையால் திரையைத் தொட முடியாத பிள்ளை இதை எப்படி இயக்கும்? முழங்காலோ, கன்னமோ, கால் கட்டைவிரலோ, உடம்பில் ஏதாவது ஒன்று நம்பகமாக அசைந்தால் போதும். அங்கே ஒரு ஸ்விட்ச் வைப்பார்கள். திரையில் வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் அழுத்த வேண்டும். இதற்கு 'ஸ்கேனிங்' என்று பெயர்.

தமிழில் இதைச் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு சுவையான கணக்கு காத்திருக்கிறது. பென்சிலும் பேப்பரும் எடுத்தால் வீட்டில் பிள்ளைகளோடு நீங்களும் போட்டுப் பார்க்கலாம். வெளிச்சம் ஒரு கட்டத்தில் 2 விநாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 26 எழுத்தையும் வரிசையாகக் கடந்தால் கடைசி எழுத்துக்கு 52 விநாடி. வரிசைக்கு 6 எழுத்தாக அடுக்கி, முதலில் வரிசையை, பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தைத் தேர்வு செய்யச் சொன்னால், அதே கடைசி எழுத்து 5-வது வரிசையில் 2-வது கட்டம். ஆக 7 அடி, 14 விநாடி.

தமிழில் 247 எழுத்து. வரிசையாகப் போனால் கடைசி எழுத்துக்கு 494 விநாடி, எட்டு நிமிடத்துக்கும் மேல்! 'அம்மா' என்று கூப்பிடுவதற்குள் அம்மா கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம். ஆனால் நம் எழுத்துகளின் அமைப்பே ஒரு வழி தருகிறது. முதல் பலகையில் 12 உயிர், ஓர் ஆய்தம், 18 மெய்வரிசை, ஆக 31 கட்டம் மட்டும். வரிசைக்கு 6 என்று அடுக்கினால் எந்தக் கட்டத்துக்கும் 11 அடிக்கு மேல் ஆகாது, 22 விநாடி. 'ம' என்று எடுத்ததும் இரண்டாவது பலகை திறக்கும்: ம், ம, மா, மி என்று 13 கட்டம். வரிசைக்கு 5 ஆக அடுக்கினால் அதிகபட்சம் 7 அடி, 14 விநாடி. எட்டு நிமிடம் எடுத்தது 36 விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. அடிக்கடி வரும் எழுத்துகளை முன்னால் வைத்தால் இன்னும் குறையும். தப்பாக விழுந்த எழுத்தை அழிக்கும் கட்டத்தை மூலையில் வைக்காமல் முதல் கட்டமாகவே வைக்க வேண்டும். ஒரு தப்பைத் திருத்த இன்னொரு அரை நிமிடம் என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

'கொ' எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கம்ப்யூட்டர் முதலில் க, அப்புறம் குறி என்று வைத்துக்கொள்கிறது. பிள்ளை அரும்பாடுபட்டு எடுத்த 'க' கண்ணெதிரே நகர்ந்து, அதற்கு முன்னால் கொம்பு வந்து நிற்கும். பெரியவர்களுக்கு இது பழகிவிட்டது. எழுத்துகளை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத் தோன்றும். இரண்டாவது பலகையில் குறியைத் தனியாகக் காட்டாமல் 'கொ' என்று முழு எழுத்தாகவே காட்டுவது இதனால்தான் நல்லது.

இன்ஜினீயரிங் கல்லூரிகளின் ஃபைனல் இயர் புராஜெக்ட் பட்டியலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைப்புகள் இப்போது தவறாமல் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் டெமோ நாளில் போட்டோ எடுத்து, மார்க் வாங்கி, மாணவர்கள் வேலைக்குப் போன பிறகு என்ன ஆகிறது? மூன்று மாதம் பழகி, முதல்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதிய பிள்ளைக்கு, போன் அப்டேட் ஆனதும் அந்த ஆப் திறக்காமல் போனால் அது வெறும் சாஃப்ட்வேர் கோளாறு இல்லை. வாயில் வந்த வார்த்தையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1988-ல் தொடங்கி மாணவர்களின் இத்தகைய புராஜெக்டுகளுக்கு நிதி கொடுத்தது. அதில் பிடித்த அம்சம், முகம் தெரியாத பயனாளிகளுக்காக என்று பொதுவாகச் செய்யாமல், குறிப்பிட்ட ஒரு மனிதருக்காகச் செய்து அவர் கையிலேயே கொடுப்பது. நம் கல்லூரிகளும் பக்கத்தில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியோடு கைகோத்து, போன வருட மாணவர் விட்ட இடத்திலிருந்து இந்த வருட மாணவர் தொடங்கும்படி செய்யலாம். அதே பிள்ளை, அதே மென்பொருள், வருடா வருடம் கொஞ்சம் செப்பனிட்டு. புதுத் தலைப்பு இல்லையே என்று மார்க் குறைக்காமல் இருந்தால் போதும்.

பெற்றோருக்கு ஒரு தகவல். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்ற மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள்களோடு பொருத்தமான உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தர வேண்டும் என்று 17-வது பிரிவு சொல்கிறது. விண்ணப்பம் எழுதும்போது அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

அதுவரை, கையில் இருக்கும் போனிலேயே தொடங்கலாம். செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி'க்குள் போய்ப் பாருங்கள். ஐபோனில் 'டச் அகாமடேஷன்ஸ்' என்ற இடத்தில், எவ்வளவு நேரம் தொட்டால் தொட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். ஸ்கேனிங்குக்கு 'ஸ்விட்ச் கன்ட்ரோல்'. ஆண்ட்ராய்டில் அதற்கு 'ஸ்விட்ச் ஆக்சஸ்' என்று பெயர். சில போன்களில் அதைப் பிளே ஸ்டோரில் இருந்து இறக்க வேண்டியிருக்கும். தனி ஸ்விட்ச் வாங்கும் வரை வால்யூம் பட்டனையே ஸ்விட்ச்சாக வைத்துப் பழக்கலாம். வெளிச்சம் நகரும் வேகத்தை முதலில் நன்றாக மெதுவாக வையுங்கள். பிள்ளைக்குப் போரடிக்க ஆரம்பித்தால் கூட்டிக்கொள்ளலாம்.